மாமி கேட்ட கேள்வி

டொக்டர் கேட்டது ஆங்கிலத்தில் ஆறே ஆறு சொற்கள். தான் சாகப்போவது இவருக்குத் தெரியுமா என்பதுதான் கேள்வி. நான் கட்டிலில் சாய்ந்திருந்த மாமியின் பக்கம் திரும்பி, அந்த ஆறு சொற்களையும் தமிழில் ஏறக்குறைய ஒரு நிமிடம் சொன்னேன். ஆஸ்பத்திரிச் சாப்பாடு உங்களுக்கு ஒத்துவரவில்லை என்று டொக்டர் கவலைப்படுகிறார், என்ன விருப்பமென்று கேட்கிறார், கூச்சப்படாமல் சொல்லுங்கள் என்றேன். மாமி சற்று யோசித்துவிட்டு, புழுங்கலரிசிக் கஞ்சியில் கொஞ்சம் தேங்காய்ப்பால் விட்டுக் கிடைத்தால் நல்லது என்றார். நான் டொக்டரின் பக்கம் திரும்பி, தெரியுமாம், எல்லாவற்றையும் கடவுளிடம் விட்டுவிட்டாராம் என்றேன். டொக்டர் மெல்லத் தலையாட்டிவிட்டு அதை ஒரு மஞ்சள் தாளில் எழுதினார். யன்னலால் வந்த காலை வெயிலில் என் பொய் நீல மையில் காய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டொக்டர்மாரின் கையெழுத்து விளங்காது என்பார்கள். இவருடையது குண்டு குண்டாக, அழகாக இருந்தது. ஒரு சொல்கூடத் தப்பவில்லை.

எழுபதுகளின் தொடக்கம் அது. அப்போது மெல்பேர்னில் இருந்த தமிழர் எல்லோரையும் ஒரே ட்ராமில் ஏற்றினாலும் இருக்கை மிஞ்சும். அந்த ட்ராமில் ரிக்கற் கொடுப்பவனாக நானே இருந்திருப்பேன், ஏனென்றால் யாழ்ப்பாணத்தில் கணக்கு வாத்தியாராக இருந்த நான் இங்கே வந்து ட்ராம் கொண்டக்டராகியிருந்தேன். எங்கள் இரண்டாவது பிள்ளை பிறக்கும்போது உதவிக்கென்று மனைவியின் அம்மா ஊரிலிருந்து வந்திறங்கினார். வந்த முதல் நாளே என் சீருடையையும் தோளில் தொங்கிய தோல்பையையும் மேலும் கீழும் பார்த்தார். "கணக்கு வாத்தியாருக்கெண்டுதான் பிள்ளையைக் குடுத்தனான். இஞ்ச வந்து பாத்தா ரிக்கற் கிழிக்கிறார்," என்று கைக்குழந்தையிடம் முறையிட்டார். நான் விடவில்லை. "அங்க நான் கையை நீட்டு எண்டா ஒரு பெடியனும் நீட்டமாட்டான், மாமி. இஞ்ச நான் வாயே திறக்கத் தேவையில்லை, வெள்ளைக்காரர் எல்லாரும் தாங்களாக் கையை நீட்டுகினம்" என்றேன். மாமி சிரிப்பை அடக்கிக்கொண்டு குசினிக்குள் போனார். அன்று தொடங்கிய போட்டி அது. அவர் குத்துவார், நான் நெளிவேன், பிறகு நான் குத்துவேன், அவர் கேளாததுபோல் இருப்பார். மருமகனும் மாமியும் நேரே நின்று பேசாத வீடுகளிலிருந்து வந்த எங்களுக்கு, பகிடிதான் பேசக் கிடைத்த ஒரே வழி. வேறு எந்தப் பாஷையிலும் நாங்கள் இருவரும் பழகவில்லை. பின்னால் அதுவே வினையாயிற்று.

குழந்தைக்கு ஆறு மாதமாகும்போது மாமிக்கு வயிற்றுநோ வந்தது. முதலில் ஓமத் தண்ணீர், பிறகு பக்கத்துத் தெரு டொக்டர், பிறகு ஆஸ்பத்திரி. வயிற்றைத் திறந்து பார்த்தவர்கள் உள்ளே இருந்ததைக் கண்டு, தொடாமல் திரும்பத் தைத்துவிட்டார்கள். அன்று மாலை சிட்னியிலிருந்து மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், ட்ரங்க் கோலில் வந்தார். நோயின் பெயரைச் சொன்னால் அம்மா அந்தக் கிழமையே போய்விடுவா, ஒருத்தரும் வாய் திறக்கக்கூடாது என்பது அவருடைய கட்டளை. கட்டளையே தேவையில்லை. எங்கள் ஆட்களில் யாருக்காவது அந்த நோய் வந்தால் அதன் பெயரை வீட்டுக்குள் சொல்லமாட்டோம். அந்த வருத்தம் என்போம், அதையும் குரலைத் தாழ்த்தித்தான். நானும் மனைவியும் படுக்கையறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேசும்போதுகூட அப்படித்தான் சொன்னோம். மாமிக்குக் குடலில் புண் என்று சொல்லப்பட்டது. புண் ஆறக் கொஞ்ச நாள் எடுக்கும் என்றும் சொல்லப்பட்டது. சொன்னது யார் என்று கேட்கவேண்டாம். ஆஸ்பத்திரியில் வேறு தமிழ் தெரிந்தவர் யார் இருந்தார்?

மாமி பயந்துபோனார். என்ன பயமென்று சொல்லவில்லை. ஊரில் தனி ஆளாக மூன்று பிள்ளைகளை வளர்த்து, காணி வழக்கில் இரண்டு அப்புக்காத்துமாரை ஓட ஓட விரட்டிய மனுஷி, கட்டிலின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தபடி கிடந்தார். யாராவது திரைச்சீலையை இழுத்தால் உடம்பு தூக்கிப்போடும். சாப்பிடவில்லை. சுவரைப் பார்த்தபடி கண்களைத் திறந்துவைத்திருந்தார். நோவுக்கு ஊசி இருந்தது. இதற்கு ஒன்றும் இருக்கவில்லை. கடைசியில் வார்ட் சிஸ்டர் ஒருநாள் என்னை ஒதுக்குப்புறமாக அழைத்து, மேல்மாடியில் ஒரு மனநல டொக்டர் இருக்கிறார், புற்றுநோய்க்காரர்களின் இந்தப் பயத்தைப் பார்க்கிறவர், அவரிடம் ஒரு மருந்து இருக்கிறது என்றார்.

மருந்தின் பெயரைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. நீளமாக முடி வளர்த்த பிள்ளைகள் கடற்கரைகளில் எடுத்துவிட்டு வானத்தோடு பேசுகிறார்கள் என்று பேப்பர்கள் கத்திக்கொண்டிருந்த அதே போதைச் சாமான். அதை என் மாமிக்கா? ஆனால் டொக்டர் சிரிக்கிற ஆளில்லை. ஓய்வுபெறும் வயது, நெட்டை உடம்பு, கோட்டுப் பையில் எப்போதும் ஒரு தோடம்பழம். அரசாங்கம் அந்த மருந்துக்குக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தது. அவருடைய அனுமதிக்கு இன்னும் சில கிழமைகளே மிச்சம் என்றும், பூட்டிய அலுமாரியில் இருக்கும் குப்பிகளைப் பிறகு திருப்பிக் கொடுத்துவிட வேண்டுமென்றும் சொன்னார். மாமிக்குக் கொடுப்பதென்றால் ஒரு தடவை. அதற்கு முன் மூன்று கிழமை, கிழமைக்கொரு நாள் அவரோடு பேச வேண்டும். அதுதான் அவருடைய முறை. நோயாளி தன் நோயைத் தெரிந்திருக்க வேண்டும், தான் எதற்குப் பயப்படுகிறேன் என்று தன் வாயால் சொல்ல வேண்டும், மருந்து எடுக்கும் பகல் முழுவதும் அவர் பக்கத்தில் இருப்பார். இந்த மருந்து மனதுக்குள் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும், உள்ளே என்ன இருக்கிறதென்று முன்பே தெரியாமல் கொடுக்கமாட்டேன் என்றார். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். மனைவியிடம் போய், பயம் போவதற்கு ஒரு மருந்தாம், வருத்தத்தைப் பற்றிப் பேசத் தேவையில்லையாம் என்றேன். மாமிக்கும் அதையேதான் சொன்னேன். அவர் சம்மதித்தார். அந்தச் சம்மதத்துக்கு என்ன பெறுமதி என்று நினைத்துப் பார்க்க எனக்குப் பல வருடம் எடுத்தது.

கஞ்சிக் கதை முதல் சந்திப்பில் நடந்தது. இரண்டாவது சந்திப்பில் டொக்டர், உங்களுக்கு எது அதிகம் பயம் என்று கேட்டார். இதில் ஆபத்தான சொல் எதுவும் இல்லாததால் அப்படியே மாற்றிச் சொன்னேன். மாமி சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினார்.

"இஞ்ச வாற எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிக்கினம், தம்பி. மகள் சிரிக்கிறாள். நேர்ஸ்மார் சிரிக்கினம். நீங்கள் பகிடி விடுறியள். ஒருத்தரும் என்ர கண்ணைப் பாக்கினமில்லை. அதுதான் எனக்குப் பயம்."

டொக்டர் பேனாவோடு காத்திருந்தார். அதை அவருக்குச் சொன்னால் அவர் அடுத்த கேள்வியைக் கேட்பார், அந்தக் கேள்வி நேரே எங்கள் வீட்டுக்குள் வரும் என்று தெரிந்தது. ஊசிக்குப் பயமாம் என்றேன். பாவம் மனுஷன், அன்றே தாதிகளிடம் சொல்லி மிக மெல்லிய ஊசியாகப் பார்த்து வாங்கிவைத்தார். மாமியின் பயத்துக்கு மெல்லிய ஊசி கிடைத்தது. மூன்றாவது சந்திப்பைப் பற்றி எழுதக் கை வரவில்லை. அதிலும் நான் இதே கெட்டிக்காரன்தான்.

மருந்து கொடுத்த நாள் ஒரு வியாழக்கிழமை. மேல்மாடியில் சின்ன அறை, தடித்த திரைச்சீலை, படுக்கையாக விரிக்கக்கூடிய ஒரு சோபா, ஒரு ரெக்கோர்ட் பிளேயர். விடியற்காலை வேலையை முடித்துவிட்டுச் சீருடையோடு ஓடிப்போயிருந்தேன். ஊசிக்குப் பயம் என்று நான் சொல்லியிருந்ததால், டொக்டர் மருந்தைத் தண்ணீரில் கலந்து குடிக்கவே கொடுத்தார். கண்ணுக்கு ஒரு கறுப்புத் துணி கட்டினார். பிறகு தேவாலயப் பாட்டு ஒன்றைப் போட்டார், பலர் சேர்ந்து இழுத்து இழுத்துப் பாடுவது. மாமி துணியைத் தூக்கி ஒரு கண்ணால் என்னைப் பார்த்தார். "ஆரின்ரயும் செத்தவீடே, தம்பி?" நான் டொக்டரிடம், வேறு ஏதாவது போடச் சொல்கிறார் என்றேன். வயலின் ஒன்று வந்தது. அது பரவாயில்லை என்று மாமி துணியை இறக்கிக்கொண்டார்.

ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு அவருடைய கை தளர்ந்தது. கம்பியைப் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போயிருந்த விரல்கள் என் உள்ளங்கையில் விரிந்தன. துணியை விலக்கி என் சீருடையைப் பார்த்துச் சிரித்தார். உங்கட பித்தளைப் பொத்தான் எல்லாம் மூச்சு விடுது, தம்பி என்றார். திரைச்சீலையின் நிறத்தை வெகுநேரம் பார்த்தார். யாருடைய பெயரையோ மெல்லக் கூப்பிட்டார், இறந்துபோன மாமாவுடையதாக இருக்கலாம். மாமி சிரித்து ஒரு மாதத்துக்கு மேலாகியிருந்தது. நான் வென்றுவிட்டேன் என்றே நினைத்தேன். பெயரைச் சொல்லாமலே பயத்தை ஓட்டிவிட்டோம், வீட்டுக்குப் போய் மனைவியிடம் எப்படிச் சொல்லலாம் என்று மனதுக்குள் ஒத்திகைகூடப் பார்த்தேன்.

மத்தியானத்தை அண்டி மாமி எழுந்து உட்கார்ந்தார். துணியை முழுவதுமாகக் கழற்றி மடியில் வைத்தார். என் கையை விடாமல், நேரே என் கண்ணைப் பார்த்தார். முகத்தில் பயமே இல்லை. ட்ராமில் ஏறுகிறவர்கள் இது எந்தப் பக்கம் போகிறது என்று கேட்பதுபோலக் கேட்டார்.

"தம்பி, எனக்கு என்ன வருத்தம்?"

டொக்டருக்கு ஒரு சொல் தமிழ் தெரியாது. ஆனாலும் கதிரையின் நுனிக்கு வந்து, எது கேட்டாலும் உண்மையைச் சொல்லுங்கள் என்று தாழ்ந்த குரலில் எனக்குச் சொன்னார். அவ்வளவு தெளிவாக மாமியின் முகம் இருந்தது. நான் மனைவியின் முகத்தை நினைத்தேன். சிட்னி மச்சானின் குரலை நினைத்தேன். பிறகு என் நாக்கு தனக்குத் தெரிந்த வேலையைச் செய்தது. "உங்களுக்கு வருத்தமோ? உங்களைக் கண்டால் எங்களுக்கெல்லோ மாமி காய்ச்சல் வருது" என்று சொல்லிவிட்டுச் சிரித்தேன்.

மாமி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தன் விரல்களை ஒவ்வொன்றாக என் கையிலிருந்து எடுத்தார். கோபத்தோடு உதறியிருந்தால் தாங்கியிருப்பேன். கடையில் விலை கேட்டுவிட்டுத் துணியைத் திரும்ப வைப்பதுபோல என் கையை என் மடியிலேயே வைத்துவிட்டு, மற்றப் பக்கம் திரும்பி டொக்டரின் கையைப் பிடித்தார். அதற்குப் பிறகு வந்தது பயம். உடம்பு முழுக்க நடுங்கியது, சத்தமே இல்லாமல் கண்ணீர் ஓடியது. பின்னேரம் வரை அந்தக் கையை அவர் விடவில்லை. தனக்கு விளங்காத பாஷை பேசுகிறவரை ஏன் பிடித்தார் என்று அப்போது கொஞ்சம் கோபம்கூட வந்தது. இடையில் ஒருதரம் டொக்டரைப் பார்த்துத் தமிழிலேயே சொன்னார், இவருக்காவது என்ர கண்ணைப் பாக்கத் தெரியுது என்று. என்ன சொல்கிறார் என்று டொக்டர் கேட்டார். நன்றி சொல்கிறார் என்றேன்.

மாமி களைத்து உறங்கிய பிறகு, வெளியே நடையில் இருந்த வாங்கில் டொக்டர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தோடம்பழத்தை உரித்துப் பாதியை என்னிடம் தந்தார். மத்தியானம் மாமி என்ன கேட்டார் என்று விசாரித்தார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன், பகிடி ஒன்றும் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கஞ்சியையும் ஊசியையும் காய்ச்சலையும் சொன்னேன். எங்கள் வீட்டில் அந்தப் பெயரை ஏன் சொல்வதில்லை என்றும் விளக்கப் பார்த்தேன், ஆங்கிலத்தில் சொல்லும்போது அது எனக்கே விளங்கவில்லை. அவருடைய கழுத்துச் சிவந்தது. உள்ளே போய் மஞ்சள் தாள்களைக் கொண்டுவந்து, நான் சொல்லச் சொல்ல ஒவ்வொரு வரியாகக் கோடு கிழித்தார். கடைசியில் மிஞ்சியது மாமியின் வயதும் பெயரும்தான். மூன்று கிழமையாக நான் உங்களோடுதான் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன் என்றார். அதைவிடக் கடுமையாக ஒன்றும் சொல்லவில்லை.

இன்னொரு தடவை கொடுக்கமுடியாதா என்று கேட்டேன். அடுத்த கிழமை அலுமாரியைக் காலிசெய்ய வேண்டும் என்றார். அனுமதி இருந்தாலும் கொடுக்கமாட்டாராம். உங்கள் மாமி ஒரு கேள்வி கேட்டிருக்கிறார், அதற்குப் பதில் என் அலுமாரியில் இல்லை என்றார். நாளைக்குத் தானும் வந்து இருப்பதாகவும், சொல்லவேண்டியது நான்தான் என்றும் சொன்னார்.

மறுநாள் மனைவிக்குச் சொல்லாமல் போனேன். டொக்டர் யன்னலோரக் கதிரையில் இருந்தார். நான் மாமியின் கண்ணைப் பார்த்தேன். கண்ணின் ஓரம் மஞ்சளடித்திருந்தது, அதுவரை நான் கவனிக்கவில்லை. "நேற்று நீங்கள் கேட்டதுக்கு நான் பகிடி விட்டனான், மாமி. உங்களுக்குப் புற்றுநோய். வயித்தைத் திறந்து பாத்துப்போட்டு, ஒண்டும் செய்யேலாதெண்டு தைச்சுவிட்டவை" என்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சிக்கனமாக நான் பேசியதில்லை. எவ்வளவு காலம் என்று மாமி கேட்டார். டொக்டரிடம் கேட்டு, சில கிழமை என்று அப்படியே சொன்னேன். மாமி தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, "மகளுக்குத் தெரியுமோ?" என்றார். தெரியும் என்றேன்.

"அதுதான் பின்னேரத்தில வந்து என்ர காலைப் பிடிச்சுவிடேக்க அழுறாள். நான் நித்திரை மாதிரிக் கிடப்பன். முழிச்சிருக்கிறன் எண்டு தெரிஞ்சா அவள் அழமாட்டாள், தம்பி. சிரிக்கத் தொடங்கிவிடுவாள்." பிறகு, "எனக்குத் தெரியுமெண்டு அவளுக்குச் சொல்லிப்போடாதையுங்கோ. பாவம், கஷ்டப்பட்டு மறைக்கிறாள்" என்றார். சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

டொக்டர் என்னைப் பார்த்தார். ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி யன்னலுக்கு வெளியே பார்த்தார். மாமி அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இப்பதான் சரியாச் சொல்லியிருக்கிறியள் போல" என்றார்.

பிறகு பயமே இல்லாமல் போயிற்று என்று எழுதினால் அது எனது இன்னொரு பொய்யாகும். சில காலைகளில் அழுதார். ஆனால் கம்பியைப் பிடிக்கவில்லை. மனைவி தேநீர் வாங்கப் போனதும் கண்ணால் என்னைக் கூப்பிட்டு ஒவ்வொன்றாகக் கேட்பார். இங்கே எரிக்க விடுவார்களா, சாம்பலை ஊருக்குப் பிளேனில் கொண்டுபோகலாமா என்று. அதற்கும் ரிக்கற் எடுக்கவேணுமோ என்று ஒருநாள் கேட்டார். உங்களுக்கு நான் சும்மாவே கிழிச்சுத் தாறன் மாமி என்றேன். இரண்டுபேரும் சிரித்தோம், கண்ணைப் பார்த்துக்கொண்டு. மருந்து அவருக்கு ஏதாவது செய்ததா என்று எனக்குத் தெரியாது. அந்தக் கேள்வியைக் கேட்கிற துணிவை அது கொடுத்திருக்கலாம். அதில்லாமலும் ஒருநாள் கேட்டிருப்பாரோ என்னவோ. எப்படியென்றாலும் அந்த ஒரு பகலைக் கெடுத்தவன் நான்.

ஒரு பின்னேரம் மனைவி காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருக்கும்போதே மாமி போனார். உறங்குகிறார் என்று நினைத்து அவள் இன்னும் கொஞ்சநேரம் பிடித்துவிட்டிருக்கிறாள். அன்று வீட்டுக்கு வந்ததும், "அம்மா ஒண்டும் தெரியாமல் நிம்மதியாப் போயிட்டா, என்ன?" என்று கேட்டாள். ஓம் என்றேன். மாமிக்குக் கொடுத்த வாக்கு. முதல் சில வருடங்கள் அது அவளுக்கு ஆறுதலாக இருந்தது. பிறகு வருடா வருடம், ஆட்டைத் திவசத்துக்கு ஆட்டைத் திவசம், அதன் நிறம் மாறியது. அம்மாவுக்கு முன்னால் ஒருக்காவாவது அழுதிருக்கலாம், நான் சிரிச்சுச் சிரிச்சே அவவை அனுப்பிப்போட்டன் என்று சொல்லத் தொடங்கினாள். நான் பேச்சை மாற்றுவேன். அதற்குத்தான் எனக்குப் பகிடி தெரியுமே.

இப்போது மெல்பேர்னின் புறநகரான ரோவிலில் இருக்கிறோம். போன வருடம் மனைவிக்கும் அதே வருத்தம் வந்தது. ஆஸ்பத்திரியில் இளம் பெண் டொக்டர், என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நேரே அவளிடமே நோயின் பெயரைச் சொன்னார். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்றுகூடக் கேட்டார், தொலைபேசியில் உடனே கிடைப்பாராம். மனைவி வேண்டாம் என்றாள். பேச்சோடு பேச்சாக, நோயாளிகளின் மனப்பயத்துக்கு அந்தக் காலத்து மருந்துகளைத் திரும்பவும் சோதித்துப் பார்க்கிறார்கள் என்று அந்தப் பிள்ளை சொன்னது. வீட்டுக்கு வந்ததும் மனைவி குசினி மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"அம்மாவுக்குக் குடுத்ததும் இதுதானே? அண்டைக்கு அந்த அறையில என்ன நடந்தது? பகிடியில்லாமல் சொல்லுங்கோ."

மாமிக்குக் கொடுத்த வாக்கை ஐம்பது வருடமாகக் காப்பாற்றியிருந்தேன். எனக்கு எதிரே இருந்தவளின் கண் ஓரத்தைப் பார்த்தேன். பிறகு கஞ்சியிலிருந்து தொடங்கினேன். ஊசியைச் சொன்னேன், காய்ச்சலைச் சொன்னேன், மாமி என் கையை எடுத்து என் மடியில் வைத்ததைச் சொன்னேன். கடைசியில், நித்திரை மாதிரிக் கிடந்ததைப் பற்றி மாமி சொன்னதை, மாமியின் சொற்களிலேயே, ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

அவள் கோபிப்பாள் என்று காத்திருந்தேன். வெகுநேரம் மேசையில் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முகத்தை நிமிர்த்தினாள். அழுதுகொண்டிருந்தாள், மறைக்கவில்லை.

"அப்ப நான் அழுதது அவவுக்குக் கேட்டிருக்கு" என்றாள்.